'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்': ஆபீஸ் மெயிலில் நம்ம இங்கிலீஷ் சறுக்குவது எங்கே? சரிசெய்வது எப்படி?

காலை 10.40 மணி. கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் போக வேண்டும். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ரிப்போர்ட் இன்று வராது, நாளை வரும். தமிழில், வாட்ஸ்அப்பில் என்றால் ஐந்து நொடி வேலை. இங்கிலீஷில்? முதல் வரியை டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து, 'வில் பி'யா 'வுட் பி'யா என்று கூகுளில் தேடி, கடைசியில் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, அது தந்த ஆறு வரிகளை அப்படியே ஒட்டி அனுப்பும்போது மணி 11.05.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. மதியம் கால் வருகிறது. "மெயில்ல எழுதியிருந்தீங்களே, அதைக் கொஞ்சம் விளக்குங்க" என்கிறார் கிளையன்ட். எழுதியது நாம் இல்லையே!

தமிழ் மீடியத்தில் படித்து வேலைக்கு வந்த பலருக்கு இது தினசரிக் காட்சி. இங்கிலீஷ் மீடியம் என்று பெயருக்குப் படித்தவர்களுக்கும்தான். ஒரு பக்-ஐக் கண்டுபிடித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்தவர் ஒருவர். அதைப் பற்றி நாலு வரி தெளிவாக எழுதி எல்லோருக்கும் மெயில் தட்டியவர் இன்னொருவர். அப்ரைசல் நேரத்தில் யார் பெயர் ஞாபகத்துக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. தனியார் ஆபீஸ் இன்பாக்ஸில் அப்படி எந்தச் சட்டமும் செல்லாது.

'30 நாளில் சரளமாக' ரகப் புத்தகங்கள் எல்லா பஸ் ஸ்டாண்ட் கடையிலும் தொங்குகின்றன. அந்த வாக்குறுதி எதுவும் இங்கே இல்லை. நாம் செய்யும் தப்புகள் எங்கிருந்து வருகின்றன, எதைப் பயிற்சி செய்தால் பலன் கிடைக்கும், எதில் நேரம் வீணாகும் என்பதை மட்டும் பார்ப்போம்.

தப்புக்குப் பின்னால் ஒரு லாஜிக் இருக்கு

நாம் செய்யும் இங்கிலீஷ் தப்புகளில் பெரும்பாலானவை கண்டபடி வருபவை கிடையாது. தமிழ் இலக்கணத்தை நாம் சரியாகப் பின்பற்றுவதால் வருபவை.

'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்பதையே எடுத்துக்கொள்வோம். இங்கிலீஷில் 'ஹேவ்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. 'எனக்கு ஒரு தம்பி இருக்கான்', 'என்கிட்ட லேப்டாப் இருக்கு', 'எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு' என்று எல்லாவற்றையும் 'இரு' என்ற ஒரே வினையை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். இதே 'இரு'தான் 'பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்று நடந்துகொண்டிருக்கும் வேலைக்கும் வருகிறது. மனசுக்குள் 'இருக்கு' என்று ஓடும்போது கை 'ஹேவிங்' என்று தட்டுவதில் ஆச்சரியமில்லை. இங்கிலீஷில் உடைமை, அறிவு, உணர்வு மாதிரி ஒரு நிலையைச் சொல்லும் வினைகளோடு பொதுவாக 'இங்' சேராது. 'ஐ ஹேவ்', 'ஐ நோ', 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்பதோடு நிறுத்திவிட வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது, அது ஒரு செயல்.

இந்த வாக்கியத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நமக்கு 'டவுட்' என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு அது அவநம்பிக்கை மாதிரி கேட்கலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றால் வம்பே இல்லை.

அடுத்தது நம்ம 'ஒன்லி'. 'நேத்துதான் அனுப்பினேன்' என்பது 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே ஒன்லி' ஆகிறது. தமிழில் 'தான்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். இங்கிலீஷில் 'ஒன்லி' பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் வரும்: 'ஒன்லி யெஸ்டர்டே'. 'தான்' என்று நினைத்தால் ஒரு சொல் முன்னால் தள்ளிப் போடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, எல்லா இடத்திலும் 'தான்' போட வேண்டுமா என்பது.

'வி டிஸ்கஸ்ட் அபவுட் த ப்ராஜெக்ட்' எங்கிருந்து வருகிறது? 'ப்ராஜெக்டைப் பற்றி' என்பதிலிருந்து. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடக்கம். 'வி டிஸ்கஸ்ட் த ப்ராஜெக்ட்', அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'டிட் நாட் வென்ட்'. ஸ்கூலில் இதற்காகப் பிரம்படி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் தமிழும் இங்கிலீஷும் ஒரே கட்சி! 'போகவில்லை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போக, இல்லை. பேச்சில் யாரும் 'போனேன்வில்லை' என்று சொல்வதில்லை. இல்லை என்ற சொல் வந்துவிட்டால் முதல் வினை காலம் காட்டாமல் மொட்டையாக நிற்கிறது. இங்கிலீஷிலும் இறந்த காலத்தை 'டிட்' தூக்கிக்கொள்கிறது, 'கோ' மொட்டையாக நிற்கிறது. 'டிட் நாட் கோ', 'டிட் நாட் சென்ட்', 'டிட் நாட் ரிசீவ்'. இதை யாராவது ஏழாம் வகுப்பில் இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் வருவது 'எ', 'த' என்ற இரண்டு குட்டிச் சொற்கள். கஷ்டத்தில் இவைதான் முதலிடம். தமிழில் 'ஒரு' கொஞ்சம் கைகொடுக்கும். 'த'வுக்கு எதுவும் இல்லை. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது எளிது: நான் எதைச் சொல்கிறேன் என்று படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? 'வி ஃபவுண்ட் எ பக். த பக் இஸ் இன் த லாகின் பேஜ்.' முதல் வரியில் அந்த பக் அவருக்குப் புதுசு, அதனால் 'எ'. இரண்டாவது வரியில் தெரிந்துவிட்டது, அதனால் 'த'. லாகின் பேஜ் எது என்பது அவருக்கு முன்பே தெரியும், அங்கேயும் 'த'. எல்லா இடத்துக்கும் இந்தக் கேள்வி போதாது. ஆபீஸ் மெயிலில் பாதிக்கு மேல் இது போதும் என்பது என் அனுபவம்.

'டூ த நீட்ஃபுல்' தப்பா?

இல்லை. அது பழைய பிரிட்டிஷ் ஆபீஸ் மொழி. அங்கே வழக்கொழிந்துவிட்டது, இங்கே தாசில்தார் ஆபீஸ் முதல் ஐடி கம்பெனி வரை உயிரோடு இருக்கிறது. 'ப்ரீபோன்' நம் நாட்டில் வேரூன்றிய சொல், அழகான சொல், அகராதியிலும் ஏறிவிட்டது. இவற்றைப் பார்த்துச் சிரிப்பவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

யார் படிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். மதுரையில் இருக்கும் ஆடிட்டருக்கு 'ப்ரீபோன்' புரியும், டெக்சாஸில் இருப்பவர் முழிப்பார். 'ரிவர்ட்' இன்னும் மோசம். 'ஐ வில் ரிவர்ட் டுமாரோ' என்று நாம் எழுதுவது 'நாளைக்குப் பதில் சொல்றேன்' என்ற அர்த்தத்தில். மென்பொருள் வேலையில் 'ரிவர்ட்' என்றால் செய்த மாற்றத்தை ரத்து செய்து பழைய நிலைக்குத் திருப்புவது. கிளையன்ட்டுக்கு ஒரு நிமிடம் வயிறு கலங்கத்தானே செய்யும்? 'ஐ வில் ரிப்ளை டுமாரோ' போதும்.

எதைப் படிப்பது? தலையங்கம் வேண்டாமே

"தினமும் இங்கிலீஷ் பேப்பர் எடிட்டோரியல் படிப்பா" என்று சொல்லாத சித்தப்பா தமிழ்நாட்டில் கிடையாது. நாமும் ஒரு திங்கள்கிழமை ஆரம்பிப்போம். பத்து வரியில் பதினைந்து சொல்லுக்கு அகராதி பார்ப்போம். புதன்கிழமை நிறுத்திவிடுவோம்.

இது நம்ம சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. நியூசிலாந்து மொழியியல் அறிஞர் பால் நேஷன் இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ளச் சுமார் 98 சதவீதச் சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதுசாக இருக்கலாம். தலையங்கத்தில் வரிக்கு ஒன்று வரும்போது நாம் செய்வது வாசிப்பு கிடையாது, அகராதி புரட்டுவது.

இந்தப் பிரச்சினையை நூறு வருடத்துக்கு முன்பே நம் பக்கத்திலேயே ஒருவர் கவனித்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், பிரிக்கப்படாத வங்காளத்தில், டாக்காவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். மாணவர்கள் வருடக்கணக்காக இங்கிலீஷ் படித்தும் ஒரு புத்தகத்தைத் தானாகப் படிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்தார். அடிக்கடி வரும் சொற்களை மட்டும் வைத்து, புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியல் பிறகு உலகம் முழுக்கப் பாடப்புத்தகக்காரர்களுக்கு அடிப்படையாக இருந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் 'லெவல் 1', 'லெவல் 2' என்று போட்ட சின்னக் கதைப் புத்தகங்கள் அந்த வழியில் வந்தவைதான்.

அதனால் ஒரு சின்ன டெஸ்ட். படிக்க நினைக்கும் பக்கத்தில் 100 சொற்களை எண்ணுங்கள். தெரியாதது இரண்டு மூன்று என்றால் படியுங்கள். பத்து என்றால் மூடிவிடுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம். எளிய இங்கிலீஷிலேயே எழுதப்படும் விக்கிப்பீடியா ஒன்று தனியாக இருக்கிறது, 'சிம்பிள் இங்கிலீஷ் விக்கிப்பீடியா' என்று தேடினால் வரும். பிபிசி, பிரிட்டிஷ் கவுன்சில் இரண்டுமே இங்கிலீஷ் கற்பவர்களுக்கென்று இலவசப் பக்கங்கள் வைத்திருக்கின்றன.

எங்கள் டெஸ்க்கில் நான் பழகிய வழி வேறு. ஒரு செய்தியை முதலில் தமிழில் படிப்பேன், பிறகு அதே செய்தியை இங்கிலீஷில். சிஎஸ்கே எப்படித் தோற்றது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு அந்த மேட்ச் ரிப்போர்ட்டில் தெரியாத சொல்லை ஊகிப்பது சுலபம்.

தெரிந்த சொல் காலை வாரும் கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அமெரிக்கச் செய்தி ஒன்றை மொழிபெயர்த்தேன். ஒரு மசோதா 'டேபிள்' செய்யப்பட்டது என்று இருந்தது. 'தாக்கல் செய்யப்பட்டது' என்று கெத்தாக எழுதினேன். நம்ம ஊரிலும் பிரிட்டனிலும் அதுதான் அர்த்தம். அமெரிக்காவில் அதற்கு நேரெதிர்: விவாதத்தைத் தள்ளிப்போட்டுக் கிடப்பில் போடுவது. சீனியர் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது நடந்தது எந்த நாட்டுல?" என்று மட்டும் கேட்டார்.

படம் பார்த்தால் எழுத வந்துவிடுமா?

சப்டைட்டிலோடு சீரிஸ் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் புரிய ஆரம்பித்துவிட்டது என்பவர்கள் உண்டு, உண்மைதான். ஆனால் அவர்களே மெயில் எழுத உட்கார்ந்தால் திணறுவார்கள். 1980-களில் கனடாவில் மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர், பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படித்த இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளிடம் இதையேதான் பார்த்தார். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் கெட்டி. பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணம் பின்தங்கியே இருந்தது. படிக்கும்போது முக்கியச் சொற்களைப் பிடித்தே பொருளை ஊகித்துவிடலாம், 'எ', 'த', 'பை' எதையும் கவனிக்கத் தேவையில்லை. எழுதும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பது நமக்கே தெரியவருகிறது.

எப்படி எழுதிப் பழகுவது? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு வழியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஸ்கூலுக்கு இரண்டே வருடம் போனவர், அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்ட பையன். 'ஸ்பெக்டேட்டர்' இதழில் தனக்குப் பிடித்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் தள்ளிவைப்பார். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்து முழுக் கட்டுரையையும் தன் சொற்களில் எழுதுவார். கடைசியில் ஒப்பிட்டு, எங்கே சறுக்கியது என்று திருத்துவார்.

இதை அப்படியே ஆபீஸ் மெயிலுக்கு மாற்றலாம். உங்கள் டீமில் நன்றாக எழுதும் ஒருவரின் மெயில் இன்பாக்ஸில் இருக்கும். உதாரணத்துக்கு:

'த ரிப்போர்ட் வில் பி ஒன் டே லேட். வி ஆர் ஸ்டில் வெயிட்டிங் ஃபார் டேட்டா ஃப்ரம் த சேல்ஸ் டீம். ஐ வில் சென்ட் இட் பை 5 பிஎம் டுமாரோ.'

தமிழில் குறிப்பு எடுங்கள்: ரிப்போர்ட் ஒரு நாள் தாமதம், சேல்ஸ் டேட்டா வரவில்லை, நாளை 5 மணிக்குள். மூன்று நாள் கழித்து அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து எழுதுங்கள். பெரும்பாலும் இப்படி வரும்:

'த ரிப்போர்ட் வில் டிலே ஒன் டே. ஸ்டில் டேட்டா இஸ் நாட் கம் ஃப்ரம் சேல்ஸ் டீம். டுமாரோ 5 ஓ க்ளாக் ஐ வில் சென்ட்.'

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சேல்ஸ் டீமுக்கு முன்னால் 'த' காணோம். 'நாளைக்கு' என்பது தமிழ் மாதிரியே வரியின் தொடக்கத்தில் வந்திருக்கிறது. '5 மணிக்கு' என்றால் 'அட்', '5 மணிக்குள்' என்றால் 'பை'. நம் குறிப்பில் இருந்த 'உள்' இங்கிலீஷுக்குப் போகும்போது காணாமல் போய்விட்டது. 'சென்ட்' என்பதற்குப் பிறகு 'இட்' இல்லை. தமிழில் 'நாளைக்கு அனுப்புறேன்' என்றால் எதை என்று கேட்க மாட்டார்கள், இங்கிலீஷில் சொல்லியாக வேண்டும். 'டேட்டா வரலை' என்பதற்குப் பதில் அவர் 'காத்திருக்கிறோம்' என்று எழுதியதையும் கவனியுங்கள். சேல்ஸ் டீமைக் குத்தாமல் காரணம் சொல்லியாகிவிட்டது. இதை எந்த கிராமர் புத்தகமும் சொல்லித் தராது.

கிராமர் புத்தகம் தேவையா?

வீட்டு அலமாரியில் ரென் அண்ட் மார்ட்டின் இருந்தால் இருக்கட்டும். நல்ல புத்தகம், ஆனால் 1930-களில் பள்ளிக்கூடத்துக்காக எழுதப்பட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' வசதி. 1985-ல் முதலில் வந்தது, இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். எந்தத் தப்பு உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்தப் பாடத்தை மட்டும் எடுங்கள்.

அதற்குத்தான் போனில் ஒரு நோட் வேண்டும். உங்கள் தப்புகள் மட்டும் அதில் இருக்கட்டும்: தப்பான வாக்கியம், கீழே சரியான வாக்கியம். அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பெரிய பலன் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த டெஸ்ட்டில் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த டெஸ்ட்டிலோ, வாசித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். எனவே சரியான வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, தப்பான வரியை நீங்களே திருத்திப் பாருங்கள். இன்று, மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று இடைவெளி விட்டுச் செய்தால் போதும்.

ஸ்பெல்லிங் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எழுதியபடியே படிக்கும் தமிழிலிருந்து வருகிற நமக்கு 'டெட்' என்ற கடனுக்குள் எதற்கு ஒரு 'பி' என்று கோபம் வருவது நியாயம்தான். லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டுமென்று பண்டிதர்கள் பிற்காலத்தில் நுழைத்த எழுத்து அது, யாரும் உச்சரிப்பதில்லை. இதையெல்லாம் போனே திருத்திவிடும். போன் பல நேரம் கோட்டைவிடுவது, இரண்டு ஸ்பெல்லிங்கும் சரியான சொல்லாக இருக்கும் இடங்களில்தான். ஒரு 'ஓ' போட்ட 'லூஸ்' இழப்பது, இரண்டு 'ஓ' போட்டது தளர்வானது. 'வி மே லூஸ் த கிளையன்ட்' என்று எழுதும்போது எத்தனை 'ஓ' என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

நியாயமான கேள்வி. அவசர மெயிலுக்கு அதைப் பயன்படுத்துவதில் எந்தத் தப்பும் இல்லை, நானும் செய்கிறேன். கிளையன்ட் பெயர், கணக்கு விவரம் போன்றவற்றை மட்டும் அதில் ஒட்டாதீர்கள். பல கம்பெனிகளில் அது விதிமீறல்.

கற்றுக்கொள்வதற்கு என்றால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் நீங்கள் எழுதுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. பிறகு அதனிடம் தமிழிலேயே கேளுங்கள்: "இதில் எந்த வரியில் தப்பு இருக்கிறது என்று மட்டும் சொல். திருத்தித் தராதே." நீங்களே திருத்துங்கள். இரண்டாவது தடவையும் வரவில்லை என்றால் விடையையும் காரணத்தையும் கேளுங்கள். அந்தத் தப்பு நேராக நோட்டுக்குப் போகட்டும். அது அழகுபடுத்தித் தரும் 'ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' வகையறாவைத் தாராளமாக வெட்டிவிடலாம். மூன்று வரியில் முடியும் விஷயம் மூன்று வரியில் இருந்தால் கிளையன்ட்டுக்கும் சந்தோஷம்.

நேரம்? தாம்பரத்திலிருந்து பீச் வரை ரயிலில் போகிறவருக்குப் படிக்கவும் நோட்டைத் திருத்திப் பார்க்கவும் போதுமான நேரம் ஏற்கெனவே இருக்கிறது. எழுதும் பயிற்சிக்கு வாரத்துக்கு இரண்டு மெயில் போதும். புது ஆப் எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், உங்கள் சென்ட் ஃபோல்டரைத் திறந்து, ஏஐ துணை இல்லாமல் எழுதிய கடைசிப் பத்து மெயில்களை எடுங்கள். மேலே சொன்ன தப்புகளில் எது எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். இந்தக் கட்டுரைக்காக நானும் எண்ணிப் பார்த்தேன். விடுபட்ட 'த' ஏழு. ஒரு இடத்தில், எடிட்டருக்குப் போன மெயிலில், 'ஐ சென்ட் இட் மார்னிங் ஒன்லி' என்றே இருந்தது.